எடையைப் பிறகு பார்க்கலாம், முதலில் பாதத்தை அளங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சறுக்குப் பலகையோடு மலையேறிச் சறுக்கி இறங்கும் பனிச்சறுக்கு மலையேற்றப் பந்தயம் 2026 குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றதை ஒட்டித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். பந்தயம் எப்படி நடக்கிறது என்பதைத் தெளிவாகவே விளக்கியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில், புதிதாக வர விரும்புவோர் ‘கிடைப்பதிலேயே எடை குறைந்த பூட்ஸை, வழக்கமாகப் போடும் ஷூ அளவிலேயே’ வாங்கலாம் என்று இருந்தது. இரண்டுமே தவறான யோசனைகள். இந்தப் பந்தயத்துக்கான பூட்ஸ் பொருத்தும் வேலையிலும் பயிற்சியிலும் இருப்பவர்கள் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள்க.

முதலில் எடை. எடை குறைவு முக்கியமே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்கு ஓர் அடிமட்டத்தைச் சர்வதேச பனிச்சறுக்கு மலையேற்றக் கூட்டமைப்பின் விதிகளே வகுத்திருக்கின்றன. ஆண்களுக்கு ஒரு பூட்ஸ் 500 கிராமுக்கும், பெண்களுக்கு 450 கிராமுக்கும் குறையக் கூடாது. பூட்ஸை மாட்டும் பைண்டிங்கோடு சேர்ந்த ஒரு ஸ்கீ, அதாவது சறுக்குப் பலகை, ஆண்களுக்கு 750 கிராம், பெண்களுக்கு 700 கிராம். இதற்குக் கீழே இறங்கினால் பரிசோதனை மேசையிலேயே நிறுத்திவிடுவார்கள். சாதாரண மலைச்சுற்றுலா பூட்ஸ் ஒன்று ஒரு கிலோவைத் தாண்டும் என்பதால், 700 கிராம் பந்தய பூட்ஸுக்கு மாறினாலே பெரும்பகுதி லாபம் கைக்கு வந்துவிடும். அதற்கு மேல் குறையும் நூறு, நூற்றைம்பது கிராமுக்காகக் காலுக்குப் பொருந்தாத பூட்ஸை வாங்குவது முதலுக்கே மோசம்.

இன்னொன்றும் உண்டு. ஏற்றத்தில் ஸ்கீயை யாரும் தூக்கி வைப்பதில்லை. ஸ்கீயின் அடியில் ஒட்டிய ஸ்கின் என்ற ரோமப்பட்டை பனியைக் கவ்விப் பிடிக்க, கால் முன்னே வழுக்கிச் செல்கிறது. ஆகவே ஒவ்வொரு எட்டிலும் பூட்ஸின் மேல்பகுதி, அதாவது கெண்டைக்காலைச் சுற்றியிருக்கும் கஃப், எவ்வளவு தடையில்லாமல் முன்னும் பின்னும் சாய்கிறது என்பது எடைக்கு இணையாக முக்கியம். கஃப் இறுகிப்போன 550 கிராம் பூட்ஸைவிட, தாராளமாக ஆடும் 650 கிராம் பூட்ஸில் ஏறுவது எளிது. கடையில் சோதிக்க வழி இருக்கிறது. கஃபைப் பூட்டும் பின்பக்க லீவரைத் திறந்து, காலை உள்ளே விட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றியபடி முழங்காலை முன்னே தள்ளுங்கள். பிறகு காலை நீட்டிப் பின்னே சாயுங்கள். பின்பக்கம் சாயும்போது கஃப் எங்காவது முட்டி நின்றால், எட்டு நீளமாக வைக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் முட்டும்.

அடுத்து அளவு. இந்த பூட்ஸ்களுக்கு மாண்டோபாயிண்ட் என்ற அளவுமுறைதான். அது பாதத்தின் நீளத்தைச் செ.மீ. கணக்கில் சொல்வது, 26.5 என்றால் 265 மி.மீ. நீளமுள்ள பாதத்துக்கானது. ஓட்டப் பயிற்சி ஷூவில் விரலுக்கு முன்னே இடம் விட்டு வாங்கும் பழக்கம் இருப்பதால், அந்த எண்ணை அட்டவணையில் மாற்றிப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு முழு அளவு பெரிதாக வாங்கிவிடுகிறார். அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள். தரையில் தாளை விரித்து, குதிகால் சுவரில் படும்படி, உடல் எடை முழுவதும் அந்தக் காலில் இருக்கும்படி நின்று, மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு பாதங்களையும் அளங்கள், நீளமானதை வைத்து அளவைத் தேர்ந்தெடுங்கள். மாலையில் அளப்பது நல்லது. நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், பந்தயத்திலும் அப்படித்தான் இருக்கும்.

அதே தாளில் உட்கார்ந்தபடியும் ஒரு முறை அளங்கள். நிற்கும்போது பாதம் கண்கூடாக நீண்டு அகன்றால், உள்வளைவு எடையில் தாழ்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவருக்கு வளைவைத் தாங்கும் இன்சோலை (பூட்ஸுக்குள் பாதத்தின் அடியில் வைக்கும் தகடு) முதலில் போட்டுவிட்டுத்தான் மற்ற சோதனைகளைச் செய்ய வேண்டும். இன்சோல் போட்டால் பாதத்தின் நீளமும் அகலமும் கொஞ்சம் குறையும், மேற்பாதம் உயரும். கடைசியில் இன்சோலைச் சேர்த்தால் அதுவரை செய்த பொருத்தம் எல்லாம் மாறிவிடும். பந்தய பூட்ஸோடு வரும் இன்சோல் பெரும்பாலும் மெல்லிய நுரைத்தகடு. அதை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

அரை அளவுகளைப் பற்றிக் கடைக்காரர்களே பல நேரம் சொல்வதில்லை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு அரை அளவுக்கும் தனி ஓடு, அதாவது பூட்ஸின் கடினமான வெளிக்கூடு, செய்வதில்லை. 26-க்கும் 26.5-க்கும் ஒரே வெளி ஓடு. உள்ளே லைனரிலோ (கழற்றி எடுக்கக்கூடிய மென்மையான உட்பகுதி) இன்சோலிலோதான் வேறுபாடு. சில நிறுவனங்களில் 26.5-ம் 27-ம் ஒரே ஓடாக இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். குதிப்பக்கத்தில் அடித்தட்டு நீளம் மி.மீ. கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும், 287, 297 என்பது போல. இரண்டு அளவுகளில் இந்த எண் ஒன்றாக இருந்தால் ஓடும் ஒன்றுதான். அரை அளவு கூட்டிக் கேட்டு வாங்கி, ஒன்றும் மாறவில்லையே என்று குழம்புபவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். லைனரை வெளியே எடுத்துவிட்டு, மெல்லிய காலுறையோடு பாதத்தை வெறும் ஓட்டுக்குள் விடுங்கள். விரல்கள் முன்சுவரைத் தொடும்வரை நகர்த்தி, குதிகாலுக்கும் பின்சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 6 மி.மீ., 12 மி.மீ. தடிமனுள்ள இரண்டு உருண்டைக் குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டால் கண்மதிப்பு தேவையில்லை. மலைச்சுற்றுலாவுக்கு 15 மி.மீ. அல்லது அதற்குமேல் விடுவார்கள். பந்தயத்துக்கு 6 முதல் 12 மி.மீ. சரி. இந்த வரம்புக்குள் எங்கே நிற்பது என்பது ஓடப்போகும் தூரத்தைப் பொறுத்தது. ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயம் சுமார் 70 மீட்டர் ஏற்றத்தோடு ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு 6 மி.மீ. போதும். சுவிட்சர்லாந்தில் செர்மாட்டிலிருந்து வெர்பியே வரை மூவர் மூவராகப் பனியாறுகளைக் கடக்கும் பத்ரூய் தே கிளாசியே, பிரான்சில் நான்கு நாள் நடக்கும் பியெரா மெண்டா போன்ற நீண்ட பந்தயங்களுக்குப் போகிறவர் 10 மி.மீ.க்குக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கணக்கில் நடக்கும்போது கால் வீங்கும். உயரத்தில் இரத்த ஓட்டம் நெருக்கப்பட்டால் விரல்கள் குளிரில் மரத்துப்போகும், பனிக்கடி வரை போகலாம். எப்போதாவது ஸ்பிரிண்ட், பெரும்பாலும் நீண்ட பந்தயம் என்பவர் நீண்டதற்கே பொருத்துவது உத்தமம்.

சுற்றுலா பூட்ஸைவிடப் பந்தய பூட்ஸில் இந்தச் சோதனைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம்? சுற்றுலா பூட்ஸின் லைனர் தடித்த நுரை. சூடாக்கினால் காலின் வடிவத்தை வாங்கிக்கொள்ளும். ஓட்டில் உள்ள சிறு குறைகளை நிரப்பிவிடும். பந்தய லைனர் சில மி.மீ. தடிமன்தான், சில இடங்களில் வெறும் துணி. அதால் எதையும் நிரப்பவும் முடியாது, எதையும் விட்டுக்கொடுக்கவும் முடியாது. ஓடு எப்படியோ பொருத்தமும் அப்படியே. ‘போடப் போடச் சரியாகிவிடும்’ என்ற ஆறுதல் இங்கே செல்லாது. ஓரளவு தளரும் என்றாலும், தளர்வது லைனர் மட்டும்.

நீளம் சரி என்றால் அகலம். பாதத்தைக் கொஞ்சம் பின்னே நகர்த்தி, குதி பின்சுவரில் பட நில்லுங்கள். பாதத்தின் மிக அகலமான பகுதி இரண்டு பக்கமும் ஓட்டில் அழுத்தக் கூடாது. லைனருக்கு இடம் வேண்டுமே. விளம்பரத்தில் 99 மி.மீ., 100 மி.மீ. என்று போடுவது ஏதோ ஒரு குறிப்பிட்ட அளவில் எடுத்த அகலம். சிறிய ஓட்டில் அது குறையும், பெரியதில் கூடும். அதனால் 24 அளவு போடுபவரும் 29 அளவு போடுபவரும் அந்த எண்ணை ஒரே மாதிரி நம்ப முடியாது. அதோடு, அந்த எண் ஒரு குறுக்குக் கோட்டின் அளவு மட்டுமே. விரல்களுக்கு முன்னே ஓடு வட்டமாக முடிகிறதா, கூராக முடிகிறதா என்பதை அது சொல்லாது. சுண்டுவிரல் நசுங்குபவர்களில் பலருக்கு அகலம் போதாமல் இல்லை. முன்பகுதியின் வடிவம்தான் ஒத்துவரவில்லை.

மேற்பாத உயரத்தைச் சரியாக அளப்பது எளிதல்ல. ஆனால் அறிகுறி தெளிவு: போட்ட ஐந்து நிமிடத்தில் விரல்கள் மரக்கத் தொடங்கினால், மேற்பாதத்தின் மீது ஓடும் இரத்தக்குழாயும் நரம்பும் அழுத்தப்படுகின்றன. அளவைக் கூட்டினால் இது தீராது, நீளம்தான் வீணாகக் கூடும். லைனரின் நாக்குப் பகுதியை மெல்லியதாக்குவது, அடியில் உள்ள தகட்டைக் குறைப்பது, கட்டும் கயிறு அல்லது கம்பி மேற்பாதத்தின் மேட்டில் படாமல் அதன் பாதையைச் சற்று மாற்றுவது ஆகியவைதான் வழிகள். இவை எதுவும் உதவாவிட்டால் வேறு மாடலுக்குப் போவதே நல்லது.

குதிகால் பிடிப்புதான் ஏற்றத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இந்தப் பந்தயத்தில் பயன்படும் டெக் வகை பைண்டிங்கில் பூட்ஸின் முனை மட்டும் இரண்டு ஊசிகளுக்கு நடுவே சுழலும். காலைத் தூக்கும்போது பூட்ஸ் முழுதும் மேற்பாதத்தில் தொங்குகிறது. அங்கே பிடிப்பு தளர்ந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் குதி 2, 3 மி.மீ. ஏறி இறங்கும். ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில் எட்டுகள் ஆயிரக்கணக்கில் என்பதை நினைத்தால், கொப்புளம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். கடையிலேயே பார்க்கலாம். மேற்பாதத்தைக் கட்டும் கயிற்றை மிதமாக இறுக்கி, மேல் லீவரைத் திறந்து, முனையை ஒரு படியின் விளிம்பில் ஊன்றிக் குதியை உயர்த்துங்கள். உள்ளே கால் வழுக்கினால், ஓடு நீளமா, கணுக்காலைச் சுற்றி வெற்றிடமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நீளமாக இருந்தால் அந்த பூட்ஸை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வெற்றிடம் என்றால், லைனரின் வெளிப்பக்கத்தில் கணுக்கால் எலும்பைச் சுற்றிப் பின்புறமாக வளைந்து வரும் நுரைத்துண்டு ஒட்டினால் குதி பின்னுக்குப் போய் உட்காரும். லைனருக்கு உட்பக்கம் ஒட்டினால் தோல் உரியும். இரட்டைக் காலுறை போடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். அது அடுக்குகளுக்கு நடுவே இன்னொரு வழுக்குதளத்தை உண்டாக்குவதோடு, விரல்களுக்கான இடத்தையும் தின்றுவிடும். மெல்லிய, தையல் இல்லாத ஒற்றைக் காலுறை போதும்.

எலும்பு முட்டுகிற இடங்களுக்கு ஓட்டை வெளியே தள்ளலாம். அதற்கு ஓடு எந்தப் பொருளால் ஆனது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்றைய பந்தய பூட்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்குக் கீழ் ஓடு கிரிலமிட் எனப்படும் பாலிஅமைடு, கஃப் கார்பன். கிரிலமிட்டைச் சூடாக்கி, உள்ளிருந்து அச்சால் தள்ளி, அழுத்தத்தை எடுக்காமலேயே முழுதாகக் குளிரவிட வேண்டும். அவசரப்பட்டால் பாதி திரும்பி வந்துவிடும்; அதனால்தான் தேவைக்கு ஒன்றிரண்டு மி.மீ. கூடுதலாகவே தள்ளுவார்கள். கார்பன் இழை கலந்த கிரிலமிட் இதைவிடப் பிடிவாதம், கொஞ்சம்தான் நகரும். பிரெஞ்சுப் பந்தயவீரர் பியேர் ஜினியூ கையால் செய்யத் தொடங்கிய வகை முழுக் கார்பன் ஓடுகளை இப்படித் தள்ள முடியாது. எபாக்சிப் பிசினில் இறுகிய இழை வளையாது, விரிசல் விடும் அல்லது பிளக்கும். எலும்புப் புடைப்பு உள்ளவர் முழுக் கார்பனை எடுக்குமுன் இருமுறை யோசிக்கட்டும். தடித்த சுற்றுலா ஓடுகளில் உட்புறத்தைச் சுரண்டி இடம் உண்டாக்குவதுண்டு. பந்தய ஓட்டின் சுவர் மெல்லியது, சுரண்டினால் அந்த இடத்தில் உடையும்.

எங்கே தள்ள வேண்டும் என்பதை விரலால் தொட்டுக் காட்டினால் தவறிப்போகும். புடைத்த எலும்பின் மேல் உதட்டுச் சாயத்தைத் தடவி, லைனர் இல்லாமல் காலை ஓட்டுக்குள் விட்டு நின்றால், முட்டும் இடத்தில் சாயம் ஒட்டிக்கொள்ளும். பூட்ஸ் பொருத்துநர்கள் உலகெங்கும் செய்வது இதைத்தான். கணுக்காலின் உள்பக்க எலும்பு, பாதத்தின் உள்வளைவுக்கு மேலே துருத்தும் எலும்பு, சுண்டுவிரலுக்குப் பின்னே பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே இருக்கும் முடிச்சு, குதிகாலின் பின்மேடு, இந்த நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் குற்றவாளி. சூடாக்கும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். மெல்லிய ஓடு சில நொடிகளில் பதம் தவறிவிடும். பைண்டிங்கின் ஊசிகள் நுழைவதற்காக முனையில் பதிந்துள்ள உலோகக் குழிகளுக்கு அருகே சூடு போனால் அவற்றின் பிடிப்பு தளரும். இறக்கத்தில் உங்களை ஸ்கீயோடு சேர்த்து வைத்திருப்பவை அந்தக் குழிகள்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றியதும் உடனே வாங்கிவிடக் கூடாது. இரண்டு பூட்ஸையும் முழுதாகப் போட்டு அரைமணி நேரம் இருங்கள். ஏறும் நிலையில் விரல்கள் முன்சுவரைத் தொடக் கூடாது. லீவரை மூடி, முழங்காலை முன்னே வளைத்து இறங்கும் நிலைக்கு வந்தால் விரல்கள் இன்னும் சற்றுப் பின்வாங்க வேண்டும். வளையும்போது விரல்கள் முன்னே போய் இடித்தால், குதி பிடிபடவில்லை. இறக்கத்தின் முடிவில் நகம் கறுத்திருக்கும். (பந்தயத்துக்கு ஒரு நாள் முன்பே நகத்தை வெட்டிக்கொள்ளாதவர்கள் பூட்ஸைத் திட்டுவதும் உண்டு.)

லீவரைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தய பூட்ஸில் பின்னால் இருக்கும் ஒரே லீவர் இரண்டு வேலைகளைச் செய்கிறது: கஃபை ஓட்டோடு பூட்டுகிறது, கெண்டைக்காலைச் சுற்றியுள்ள கயிற்றையும் இழுத்து இறுக்குகிறது. ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு மாறும் மாற்றிடத்தில் ஸ்கின்னை உரித்து, குதியைப் பூட்டி, லீவரை ஒரே அடியில் சாத்திவிட்டுப் பாய வேண்டும். கெண்டைக்கால் தடித்தவருக்கு லீவர் பாதியில் நின்றுவிடும். மெலிந்தவருக்கு மூடிய பிறகும் கஃப் ஆடும். இரண்டுக்கும் மருந்து கயிற்றின் நீளத்தை மாற்றி முடிச்சிடுவதுதான். ஒரு கையால், கையுறையோடு, குனிந்தபடி மூட முடிகிறதா என்று பாருங்கள். கடை நாற்காலியில் உட்கார்ந்து இரு கையால் மூடுவது சோதனையே அல்ல. புதுக் கயிறு சற்றுத் தளரும் என்பதால் முதல் சில பயிற்சிகளுக்குப் பிறகு மறுபடி முடிச்சிட வேண்டியிருக்கும். மாற்றுக் கயிறு ஒன்று பையில் இருக்கட்டும்.

பூட்ஸ் முடிவான பிறகுதான் பைண்டிங் பொருத்த வேண்டும். முதலில் ஸ்கீயில் துளையிட்டுவிட்டுப் பிறகு பூட்ஸ் தேடுவது பலர் செய்யும் தலைகீழ் வேலை. எடை குறைந்த பந்தய பைண்டிங்குகளில் முன்பின் நகர்த்தும் தகடு இருக்காது. அடித்தட்டு நீளம் மாறினால் புதுத் துளைதான். மெல்லிய ஸ்கீயில் பழைய துளைக்கு ஒட்டினாற்போல் இன்னொரு துளையிட்டால் இரண்டுமே பிடிப்பிழக்கும். துளையிடும் ஊசியின் விட்டமும் ஆழமும் பெரும்பாலும் ஸ்கீயிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஆழத்தை நிறுத்தும் வளையம் உள்ள ஊசியால் மட்டுமே துளையிட வேண்டும். ஸ்கீயின் மேலுள்ள கோடு பூட்ஸின் நடுவைக் குறிக்கிறதா, முன் ஊசிகளின் இடத்தையா என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். குழப்பிக்கொண்டால் பல செ.மீ. தவறும்.

பூட்ஸின் குதிக்கும் பின் பைண்டிங்குக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதையும் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். பல பந்தய பைண்டிங்குகளில் அது 4 மி.மீ.; இடைவெளியே வேண்டாத மாடல்களும் உண்டு. பள்ளத்தில் ஸ்கீ வளையும்போது பின்பகுதி பூட்ஸை நோக்கி நகரும். அதற்கு இடமில்லாவிட்டால் பூட்ஸ் நெருக்கப்பட்டு, விழும்போது கழல வேண்டியது கழலாது. இடைவெளி கூடிவிட்டாலோ பின் ஊசிகள் குதிக் குழிக்குள் நுனி மட்டும் நுழைந்து, திருப்பத்தில் தானாகக் கழன்றுவிடும். மேலும், இவற்றில் பலவற்றுக்குக் கழலும் விசையைத் திருகிக் கூட்டிக் குறைக்க வழியில்லை; பின்னால் உள்ள கவட்டைக் கம்பி எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவுதான். அந்தக் கம்பியை விறைப்பு வேறுபடுத்தி விற்கும் தயாரிப்பாளர்கள் உண்டு. எடை குறைந்தவர், இளையவர் ஆகியோர் விறைப்பு குறைந்ததைக் கேட்டு வாங்க வேண்டும். முழங்காலைக் காப்பாற்றுவது இந்த ஒரு கேள்வி.

ஸ்கீயைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் குழம்ப ஒன்றுமில்லை. விதிப்படி ஆண்களுக்கு 160 செ.மீ., பெண்களுக்கு 150 செ.மீ. குறைந்தபட்ச நீளம். பந்தய மாடல்கள் இதை ஒட்டியே வருகின்றன. நடு அகலம் 65 மி.மீ. அளவில் இருக்கும். கைத்தடி ஒற்றைத் துண்டுக் கார்பன். 175 செ.மீ. உயரமுள்ளவருக்கு 125 முதல் 130 செ.மீ. வரை பொருந்தும். மடக்கும் தடிகளின் பூட்டு குளிரில் வழுக்கும், பந்தயத்துக்கு வேண்டாம்.

ஸ்கின் விஷயம் அப்படியல்ல. பந்தயத்துக்கு முழு மொஹேர் (அங்கோரா ஆட்டு முடி) ரகம்தான், அது முன்னே நன்றாக வழுக்கிச் செல்லும். நைலான் கலந்தது நன்றாகக் கவ்வும், ஆனால் தட்டையான இடங்களில் இழுக்கும். புதியவருக்குக் கலப்பு ரகம் மோசமில்லை. வால்பக்கக் கொக்கி கிடையாது. ஸ்கீயின் முனையில் உள்ள வெட்டில் ரப்பர் கயிறு மாட்டி, அங்கிருந்து ஒரே இழுப்பில் உரிக்க வேண்டும். அதனால் ஸ்கின் வால்வரை போவதில்லை, பூட்ஸின் குதிக்குப் பின்னே சற்றுத் தள்ளி முடிந்துவிடும். இங்கேயும் பூட்ஸின் அளவு வந்துவிட்டது பாருங்கள். ரப்பர் கயிறு தளர்வாக இருந்தால் முனையில் பனி புகுந்து பசையைப் பிரிக்கும். மிக இறுக்கமாக இருந்தால் உரிக்கும்போது கை வழுக்கும். பசை தோற்றுப்போவதற்குப் பொதுக் காரணங்கள் இரண்டு. ஒன்று, உரித்த ஸ்கின்னைப் பனியில் போட்டு எடுப்பது. மற்றொன்று, குளிரில் விறைத்த பசையை மறுபடி ஒட்டுவது. உரித்ததும் பசைப் பக்கங்களைச் சேர்த்து மடித்து, பந்தய உடையின் மார்புப் பைக்குள் உடல்சூட்டில் வைத்து, ஜிப்பை மூட வேண்டும். ஒரு ஜோடி உபரி எப்போதும் இருக்கட்டும். ஈரப்பனியில் அடியில் கட்டி கட்டியாக ஒட்டினால், முந்தின இரவே ஸ்கின் முடியில் மெழுகு தேய்க்காததன் விளைவு அது.

பழைய பூட்ஸை வாங்குவதில் தவறில்லை, கவனித்து வாங்கினால் புதியவருக்கு அதுவே புத்திசாலித்தனம். பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு. முனையின் உலோகக் குழிகள் வட்டம் கெட்டு நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றனவா. பைண்டிங்கில் மாட்டிப் பக்கவாட்டில் ஆட்டினால் தெரியும், தேய்ந்த குழி எதிர்பாராமல் கழலும், அதைச் சரிசெய்யவும் முடியாது. கஃப் சுழலும் ஆணிகளில் ஆட்டம் இருக்கிறதா. கார்பனில் மயிரிழை விரிசல், வெண்மை படர்தல். லீவர் பூட்டும் பல் மழுங்கியிருக்கிறதா. லைனர் நசுங்கியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், அதற்காக நல்ல ஓட்டை விட்டுவிட வேண்டாம். ஆனால் முந்தைய உரிமையாளர் தன் காலுக்காக ஓட்டைத் தள்ளியிருக்கிறாரா என்று உட்சுவரைத் தடவிப் பாருங்கள். அவருடைய புடைப்பு உங்கள் காலில் வெற்றிடம்.

கிராம்பான், அதாவது பூட்ஸின் அடியில் மாட்டும் முள்தகடு, வாங்கும்போது பூட்ஸைக் கையோடு கொண்டுபோக வேண்டும். எடையைக் குறைப்பதற்காகப் பல பந்தய பூட்ஸ்களில் முன்விளிம்பை வெட்டிவிடுகிறார்கள். கம்பிவளையம் மாட்டும் சாதாரணக் கிராம்பான் அதில் நிற்காது. அலுமினியம் பனிக்குப் போதும், பாறையில் சீக்கிரம் மழுங்கும்.

கட்டாயப் பொருட்களில் எடையைத் திருட முயல்பவர்கள் எங்கும் உண்டு. தலைக்கவசம் மலையேற்றத்துக்கான இ.என். 12492, பனிச்சறுக்குக்கான இ.என். 1077 என்ற இரு ஐரோப்பியத் தரங்களையும் ஒருசேரப் பெற்றதாக இருக்க வேண்டும்; சைக்கிள் கவசம் செல்லாது. பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் டிரான்ஸ்சீவர் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் மூன்று ஆன்டெனா வகை. அதை உடையின் அடியில் உடலோடு அணிய வேண்டும், பையில் போடக் கூடாது. பனிக்குள் குத்திப் பார்க்கும் தேடுகோல் குறைந்தது 240 செ.மீ. மண்வாரியின் தகடு 20 செ.மீ.க்கு 20 செ.மீ. ஸ்பிரிண்டில் இவற்றில் பலவற்றைக் கேட்க மாட்டார்கள். நீண்ட பந்தயங்களில் கயிற்று இடுப்புவாரும் கூடுதல் உடையும் சேரும். விதிகள் பருவத்துக்குப் பருவம் திருத்தப்படுவதால், பதிவு செய்யும் பந்தயத்தின் பட்டியலை வாங்கிப் படித்துவிட்டே பொருள் வாங்குங்கள்.

கால் வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஆகட்டும் என்று பெரிய ஓடாக வாங்கும் பெற்றோருக்கு ஒரு மாற்று வழி. பந்தய ஓடுகள் சின்ன அளவுகளில் குறைவாகவே கிடைக்கின்றன. கிடைக்கும்வரை நன்றாகப் பொருந்தும் லேசான சுற்றுலா பூட்ஸில், நகர்த்தும் தகடு உள்ள பைண்டிங்கோடு ஓடட்டும். அடுத்த அளவுக்கு மாறும்போது தகட்டை நகர்த்தினால் போதும், ஸ்கீயில் மறுபடி துளையிட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பூட்ஸ் பொருத்துநர்களும் பயிற்சியாளர்களுமான வாசகர்கள் சிலர்